சிடிக்கு மடிப்பு மாற்றிய கதை

வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் மகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு சத்தம் போட்டாள். பாம்பைப் பார்த்தால்கூட அவள் அப்படிக் கத்த மாட்டாள். அடுப்பை அணைத்துவிட்டு ஓடினேன். அவள் கையில் ஒரு சிடி உறை. உறைமேல் அவளுடைய கையெழுத்தில் 'பல்லி' என்று எழுதியிருந்தது. ஆனால் திரையில் பல்லியைக் காணோம். யாரோ மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போனார்கள்.

காலேஜ் போன நாளிலிருந்தே அவளுக்குக் கம்ப்யூட்டர் விளையாட்டு என்றால் உயிர். அவள் சிநேகிதிகள் வளையல் வாங்கினார்கள், இவள் சிடி வாங்கினாள். கார் ஓட்டுவது, சுடுவது, தாவுவது, கட்டம் அடுக்குவது என்று முந்நூறுக்குக் குறையாது. கல்யாணமாகி, பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் டீச்சராகி, முன்மண்டையில் நரை எட்டிப் பார்த்த பிறகும் ஒன்றைக்கூட விடவில்லை. பழைய பேப்பர்காரர் தெருவில் குரல் கொடுத்தால் மாப்பிள்ளை மட்டும் ஒரு தரம் சிடி அடுக்கிய பீரோவைத் திரும்பிப் பார்ப்பார்.

"மாப்ள, அதோட சேத்து என்னியும் எட போட்டுடப் போறீங்க" என்பேன்.

"உங்கள போட அவர்கிட்ட தராசு பத்தாது அத்த" என்பார். அவரும் லேசுப்பட்டவர் இல்லை.

பல்லி விளையாட்டு கடையில் வாங்கியதல்ல. படிக்கும்போது என் மகள் தானே செய்தது. விட்டத்தில் ஒரு பல்லி ஓடும். பூச்சி பிடிக்க வேண்டும். துடைப்பத்திடம் மாட்டினால் வால் போய்விடும். மூன்று வால் போனால் ஆட்டம் காலி. உலகத்தில் அதற்கு இருந்தது ஒரே ஒரு சிடி. ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பழைய விளையாட்டுகளுக்கென்று ஒரு கண்காட்சி. பல்லியைக் கொண்டுவந்து ஆட வைக்கிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டாள். அவர்களும் நோட்டீசில் அவள் பெயரைப் போட்டுவிட்டார்கள். அந்த நோட்டீசை அவள் எத்தனை தரம் எடுத்து எடுத்துப் பார்த்தாள் என்று எனக்குத்தான் தெரியும்.

அடுத்த உறையைப் பிரித்துப் போட்டாள். செஸ் என்று எழுதியிருந்தது, உள்ளே சண்டை. அதற்கடுத்தது கார் ரேஸ், உள்ளே யாரோ கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள்.

"யாரு இத தொட்டது?"

"என்ன பாக்காத மா, நான் பாக்கறதோட சரி" என்று மாப்பிள்ளை கையை விரித்தார்.

நான் மெதுவாக நகரப் பார்த்தேன்.

"அம்மா, நில்லு."

"நான் இன்னாத்த பண்ணேன்? மடிப்புதான் மாத்தனேன்."

"சிடிக்கு ஏதும்மா மடிப்பு?"

என்னிடம் நியாயம் இருந்தது. சிடி மூட்டையை என்னிடம் கொடுத்தபோது அவள் என்ன சொன்னாள்? "அம்மா, இது எனக்கு உன் கூறைப்புடவ மாதிரி, பத்திரமா வெச்சிக்கோ" என்றாள். கூறைப்புடவையை எப்படி வைப்பது என்று சின்ன காஞ்சிபுரத்தில் எனக்கு யாரும் சொல்லித் தரத் தேவையில்லை. ஒரே மடிப்பில் கிடந்தால் அந்த இடத்தில் ஜரிகை விட்டுவிடும். வருஷத்துக்கு இரண்டு தரம் வெளியே எடுத்து, நிழலில் ஆறவிட்டு, மடிப்பை மாற்றி, வசம்பு போட்டு வைக்க வேண்டும். சிடியையும் அப்படியே செய்தேன். பாயில் பரப்பினேன், பழைய வேட்டித் துணியால் துடைத்தேன், எந்த உறையில் இருந்ததோ அதில் வைக்காமல் கவனமாக வேறு உறையில் போட்டேன். மூன்று வருஷமாகச் செய்கிறேன். எனக்கு இங்கிலீஷ் வராது, தமிழே மூன்றாம் வகுப்போடு சரி.

என் மகள் என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அழப் போகிறாளா, அடிக்கப் போகிறாளா என்று தெரியவில்லை.

"வெயில்ல வெச்சியா?" என்றாள் கடைசியில்.

"பட்ட யாராச்சும் வெயில்ல போடுவாங்களாடி?"

அதுவரைக்கும் பிழைத்தேன்.

அச்சுப் படம் போட்ட சிடிகள் தொந்தரவில்லை, முகத்தைப் பார்த்தே பிரித்துவிட்டாள். மிச்சம் நூற்றெழுபது, எல்லாம் மொட்டை. சிடிமேல் எழுதினால் கெட்டுவிடும் என்று அந்தக் காலத்தில் யாரோ சொன்னதால் உறைமேல் மட்டும் எழுதியிருக்கிறாள். சனிக்கிழமை விடிந்ததும் ஒவ்வொன்றாகப் போட ஆரம்பித்தாள். கம்ப்யூட்டரோ கிழடு. ஒரு சிடியை விழுங்கி முனகி முடிப்பதற்குள் நான் ஒரு கிலோ வெங்காயம் உரித்துவிடுவேன். நடுநடுவே தட்டு மாட்டிக்கொள்ளும், என் ஊக்கை ஓட்டையில் குத்தினால்தான் திறக்கும். பத்து மணிக்கு இருபதுகூட முடியவில்லை.

"ஆவாதும்மா. போன் பண்ணி வரலன்னு சொல்லிடறேன்" என்று செல்லை எடுத்தாள்.

அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல், கையில் இருந்த சிடியைத் திருப்பினேன். ஜன்னல் வெளிச்சம் அடிப்பக்கத்தில் பட்டது. நீலம். அடுத்ததைத் திருப்பினேன், வெந்தய நிறம். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"செல்ல கீழ வை! பல்லிய மொத மொத எடுத்துக்கினு வந்தப்ப எங்கிட்ட இன்னாடி சொன்ன? 'அம்மா, இதோட அடிப்பக்கம் உன் புடவ கலரு'ன்னு சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்... எந்தப் புடவ?"

"மயில் கழுத்து!"

முப்பது வருஷம் பட்டுக்குச் சாயம் சேர்த்துப் பார்த்த கண் இது. பாயை ஜன்னலோரம் இழுத்துப் போட்டேன். ஒவ்வொன்றாகச் சாய்த்துப் பார்த்துப் பிரித்தேன். வெள்ளி ஒரு குவியல், நீலம் ஒரு குவியல், வெந்தயம் ஒரு குவியல். ஒரு பக்கம் பச்சையும் சாய்த்தால் நீலமும் அடித்தவை மட்டும் என் மடியில். பதினொன்று தேறின.

"எல்லாம் ஒரே மாதிரிதான் தெரியுது அத்த" என்றார் மாப்பிள்ளை.

"அதுக்குத்தான் உங்கள புடவ எடுக்க கூட்டிக்கினு போறதில்ல."

பதினொன்றும் ஒரே சாயம் இல்லை. ஏழில் பச்சை தூக்கல். நான்கைத் தனியாக எடுத்துக் கொடுத்தேன். முதலாவது, யாரோ பந்து உதைத்தார்கள். இரண்டாவது ஓடவே இல்லை. மூன்றாவதைப் போட்டதும் திரை கறுப்பானது. மேலே ஒரு விட்டம் வந்தது. விட்டத்தின் ஓரத்திலிருந்து பச்சையாக ஒன்று தலையை நீட்டி, "ச்ச்ச்" என்றது.

என் மகள் மறுபடியும் கத்தினாள். இந்தத் தடவை நானும் கத்தினேன். எதிர் வீட்டுக்காரி என்னமோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டாள்.

முதல் வேலையாகப் பல்லியை மூன்று இடத்தில் நகல் எடுத்தாள். அப்புறம் ஓட்டிப் பார்த்த சிடிகளின் மேலேயே பேனாவால் பெயர் எழுதினாள். நான் உறைகளில் பட்டு நூல் கட்டினேன். ஓட்டுவதற்குச் சிவப்பு, சுடுவதற்குக் கறுப்பு, மண்டையைக் குடைவதற்கு மஞ்சள். படிக்கத் தெரியாதவளும் எடுத்த இடத்தில் வைக்கலாம். டீச்சரம்மா அதைப் பார்த்துவிட்டு, "நல்லாதாம்மா இருக்குது" என்றாள். அவளிடம் அந்த வார்த்தை வாங்குவது சாமானியமில்லை.

ஞாயிற்றுக்கிழமை சென்னையில் பல்லிக்கு முன்னால் வரிசை நின்றது. தாடி வைத்த பெரிய மனிதர் ஒருவர் நிமிஷத்தில் மூன்று வாலையும் விட்டுவிட்டு, "இன்னொரு தடவ ஆடலாமா மேடம்?" என்று என் மகளைக் கேட்டார். அவள் தலையாட்டினாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். "தம்பி, தொடப்பம் வர்ற பக்கமே போறீங்களே, வீட்ல வாங்கினது பத்தாதா?" என்று நான் கேட்டதற்கு வரிசையே சிரித்தது. அவரும் சிரித்தார், நான்காவது வாலையும் விட்டார்.