ஜெர்மனில் சொன்ன ஆசை

ஓவேலி தேயிலைத் தோட்டத்து லயத்தில் காத்தாயியிடம் வாய் கொடுத்து மீண்டவர் யாரும் கிடையாது. சூப்பர்வைசரே அவளைக் கண்டால் வேறு பாதையில் போவார். அப்பேர்ப்பட்டவளுக்கு ஓர் ஆசையை வாய் திறந்து சொல்வதென்றால் மட்டும் குலை நடுங்கும். இலங்கைத் தோட்டத்திலிருந்து சிறுமியாக வந்தவள். மகள் ரஞ்சனி பிறந்த கையோடு புருஷன் ராஜரத்தினம், "சொந்தமா ஒரு வூடு கட்டிருவேன் பாரு" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்தார். அந்த மழைக்காலத்திலேயே சில்வர் ஓக் மரம் முறிந்து மேலே விழுந்து போய்ச் சேர்ந்தார். ஆசையை வாய்விட்டுச் சொன்னால் கண் பட்டுவிடும் என்று அன்றோடு அந்த வீட்டில் ஆசைப் பேச்சு நின்றது.

லயத்திலிருந்தே கூடலூருக்கு நர்ஸ் வேலைக்குப் போய்வரும் ரஞ்சனி இதையெல்லாம் கேலி செய்தவள்தான். முதல் பிள்ளை தரித்ததும் லயம் முழுக்கச் சொல்லி லட்டு கொடுத்தாள். தங்கவில்லை. அடுத்ததை ஆஸ்பத்திரித் தோழிகளிடம் மட்டும் சொன்னாள். அதுவும் தங்கவில்லை. உடம்புக்கு இன்ன காரணம் என்று அவளுக்கே தெரியும், படித்தவள். ஆனாலும் பயம் படிப்பைக் கேட்டுக்கொண்டா வருகிறது? இப்போது மூன்றாவது. புருஷன் சுரேந்திரனைத் தவிர யாருக்கும் தெரியாது. அவனும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

இந்த நேரம் பார்த்துத்தானா ஜெர்மன் பரீட்சை வர வேண்டும்! ஜெர்மனியில் வேலைக்குப் போக, அந்தப் பாஷையில் பேசிக் காட்ட வேண்டும். வழக்கமாக சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ரோட்டு வளைவில் நின்று போனில் வகுப்பு கேட்பாள். அன்று சாயங்காலம் வளைவில் யானை நின்றது. வேறு வழியில்லாமல் வீட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அம்மா அடுப்படியில் இருந்தாள்.

"உங்க வருங்காலக் குடும்பம் எப்படி இருக்கோணும்னு சொல்லுங்க ரஞ்சனி" என்றாள் கோயம்புத்தூரிலிருந்து பாடம் நடத்தும் ராஜப்ரியா. "போன தடவை இருமல்னு தப்பிச்சீங்க. பரீட்சைல விட மாட்டாங்க."

ரஞ்சனி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பிள்ளை வேண்டாம் என்று பொய் சொல்லிவிடலாமா? ஐயோ, அது அதைவிடப் பயங்கரம்! வயிற்றில் இருப்பது கேட்டுவிட்டால்? யோசித்து, ஒரு நாய் வளர்க்கப்போவதாக ஜெர்மனில் சொன்னாள்.

"நாய் மட்டும் போதுங்களா?" என்று சிரித்தாள் ராஜப்ரியா.

ரஞ்சனி அடுப்படிப் பக்கம் பார்த்தாள். அம்மாவுக்கு ஒரு எழுத்தும் புரியாது. கண்ணை மூடிக்கொண்டாள்.

"இஷ் ஹோஃபெ, தாஸ் விர் ஐன் கிண்ட் பெகொம்மென்." எங்களுக்கு ஒரு குழந்தை பிறக்கும் என்று நம்புகிறேன். சொன்னதும் போனை வைத்துவிட்டுப் பார்த்தால், அவள் கை அடிவயிற்றின் மேல் இருந்தது. அம்மா கதவடியில் நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போச்சு, தெரிந்துவிட்டது. ரஞ்சனி சட்டென்று கையை எடுத்தாள். "அம்மா, நான் ஒண்ணும் சொல்லல. அது பாடம்..."

"வாய மூடு!" என்றாள் காத்தாயி. ஒரு பிடி உப்பெடுத்து மகளின் தலையைச் சுற்றி அடுப்பில் போட்டாள். உப்பு படபடவென்று வெடித்தது. அது அடங்கும்வரை இருவரும் மூச்சுவிடவில்லை. பிறகு காத்தாயி மகளின் அருகில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்தப் பாஷ இங்க யாருக்காச்சும் வெளங்குமா?"

"யாருக்கும் வெளங்காதும்மா."

"நெசமா?"

"நெசமா."

காத்தாயி எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். கதவுக்குத் தாழ் போட்டாள். திரும்பி வந்து மகளின் காதோரம் குனிந்தாள். புருஷன் போன நாளிலிருந்து எதற்கும் ஆசைப்பட்டு வாய் திறக்காதவள்.

"பேரப்புள்ளயத் தூக்கணும்னு அதுல எப்பிடிப் புள்ள சொல்றது?" என்று கேட்டாள். "மெதுவாச் சொல்லிக் குடு. நானும் ஒரு தடவ சொல்லிப் பாக்குறேன்."