சாம்பிராணி மணத்த கூடாரம்

கூடாரத்துக்குள் தீ கூடாது. இதைச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று முதலாளி கேலி பேசுவார். நர்ஸிங் கல்லூரி விடுதியில் பல வருஷம் வார்டனாக இருந்து பெண்பிள்ளைகளை அதட்டிய தொண்டை என்னுடையது. அந்தத் தொண்டையை நம்பித்தான், இராஜாக்கமங்கலம் பக்கம் கடலோரத் தென்னந்தோப்பில் அவர் நடத்திய கூடார முகாமுக்கு ராத்திரி வார்டனாகக் கூப்பிட்டார். குடும்பத்தோடு வருகிறவர்கள் பெண்குரல் கேட்டால்தான் ராத்திரியில் கூடாரத்தைத் திறப்பார்கள் என்று அவருக்கு ஓர் எண்ணம்.

சாயங்காலம் ஒவ்வொரு கூடாரத்தின் முன்னாலும் கோழி சுடக் கரி அடுப்பு வைப்போம். ஆட்கள் படுக்கப் போகுமுன் நான் எல்லா அடுப்பையும் தண்ணீர் ஊற்றி அணைத்து எடுத்துவிட வேண்டும். குளிருக்கு இதமாக இருக்கட்டும் என்று யாராவது உள்ளே இழுத்து வைத்துக்கொண்டால் தீர்ந்தது கதை. மூடிய இடத்தில் கரி விடுகிற விஷக்காற்றுக்கு மணமில்லை, இருமலும் வராது. தூங்குகிறவன் தூங்கியபடியே போய்விடுவான். இதைச் சொன்னால் வருகிறவர்களுக்குச் சிரிப்பு. "நாங்க என்ன சின்னப் பிள்ளையளா, வார்டனம்மா?" என்பார்கள். சின்னப் பிள்ளைகள் என்றால் சொன்ன பேச்சைக் கேட்குமே என்று வாய்வரை வரும். விருந்தாளிகள் ஆயிற்றே என்று விழுங்கிக்கொள்வேன்.

அது ஐப்பசி மழைக்காலம். தோப்பின் கடைசியில் இரண்டே கூடாரங்களில்தான் ஆள் இருந்தது. ஒன்றில் மார்த்தாண்டத்துக்காரர்கள். வளைகுடாவிலிருந்து லீவில் வந்த புருஷன், பெண்டாட்டி, ஒரு கைப்பிள்ளை. பிள்ளை பிறந்த பிறகு அவன் இப்போதுதான் முதல்முறையாக ஊருக்கு வந்திருக்கிறான். தோளைவிட்டுப் பிள்ளையை இறக்கமாட்டேன் என்று அலைந்தான். மற்றதில் நாகர்கோவிலிலிருந்து தனியாக வந்த ஒரு பேங்க் மேனேஜர். நிம்மதியாகத் தூங்கத்தான் வந்தேன் என்று வந்ததும் வராததுமாக என்னிடம் சொன்னவர்.

பிள்ளைக்குச் சளி. அந்தியில் தொடங்கிய அழுகை ஓயவில்லை. மேனேஜர் குடையைப் பிடித்துக்கொண்டு என் ஷெட்டுக்கே வந்துவிட்டார்.

"இதுக்கா லீவு போட்டு வந்தேன்? என்னம்மா வார்டன் நீங்க? அவங்கள அடக்க மாட்டீங்களா?"

"பச்சப்பிள்ள அழப்பிடாதுண்ணு நான் சட்டமா போட முடியும், சார்?" என்று கேட்டேவிட்டேன். கேட்டுவிட்டு, போகவும் செய்தேன். வேலை ஆயிற்றே.

அந்தப் பெண்ணின் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. "மூக்கடைச்சுக் கிடக்கு எக்கா. பாலும் குடிக்க மாட்டேங்கான். நான் என்னதான் செய்யட்டும்?"

"எப்பிடியாவது உறக்காட்டு மக்கா. பக்கத்துல ஆளு முறைச்சிட்டு நிக்கி" என்று சொல்லிவிட்டு, அடுப்புகளை அணைத்து எடுத்துக்கொண்டு வந்தேன்.

மழை வலுத்தது. ஷெட்டில் உட்கார்ந்து பால் இல்லாமல் கட்டன்சாயா போட்டுக் குடித்தேன். கொஞ்ச நேரம் கழித்து அழுகை தேய்ந்து, விட்டு விட்டுக் கேட்டு, நின்றுபோனது. "தேங்க்ஸ், வார்டனம்மா!" என்று இருட்டுக்குள்ளிருந்து மேனேஜர் கத்தினார். எனக்கும் அப்பாடா என்றிருந்தது. நாற்காலியில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் ஈரக்காற்றில் சாம்பிராணி மணம் வந்தது. எங்கள் கிறிஸ்தவ சபைக் கோயிலில் சாம்பிராணி கிடையாது. ஆனால் பிள்ளை பெற்ற வீட்டில் எந்தச் சபைக்காரருக்கும் அது உண்டு. சட்டியில் சிரட்டைக் கனலைப் போட்டு, மேலே சாம்பிராணியைத் தூவி, பிள்ளையைப் புகையில் காட்டி எடுத்தால் சளி இளகும், நன்றாக உறங்கும் என்பார்கள். என் பிள்ளைகளுக்கும் நான் காட்டியதுதான். கெட்டிக்காரிதான், பையிலேயே சாம்பிராணி கொண்டுவந்திருக்கிறாளே என்று மணத்தை மூக்கு நிறைய இழுத்தேன். இழுத்த மூச்சை விடுவதற்குள் எழும்பிவிட்டேன். கனல் எங்கிருந்து கிடைத்தது?

சமையல் ஷெட்டுக்கு ஓடி, பாயில் கிடந்த சமையல்காரரை உலுக்கினேன்.

"ஓய், அந்தப் பிள்ளைக்காரிக்குக் கனல் குடுத்தீரா?"

"ஒரு சட்டி குடுத்தேன். பிள்ளைக்குப் புகை காட்டணும்ணு வந்து நிக்கா. இல்லேண்ணு சொல்ல முடியுமா?"

"கூடாரத்துக்குள்ள தீ கூடாதுண்ணு தெரியாதா உமக்கு?"

"அது தீயா? சாம்பிராணியாக்கும்!"

அவரை என்ன சொல்லி ஏச? கோழி சுடுகிற கரி தீ. பிள்ளைக்குப் புகை காட்டுகிற கனல் எங்கள் ஊரில் மருந்து. ஆனால் அந்தப் புகையை ஓட்டு வீட்டில் காட்டுவோம். ஓட்டு இடுக்கு வழியாக எல்லாம் போய்விடும். இங்கே அப்பன்காரன் பிள்ளைமேல் ஒரு சொட்டுச் சாரல் படக்கூடாதென்று கூடாரத்தின் மேல் தார்ப்பாயை வேறு இழுத்துப் போர்த்திக் கட்டியிருந்தான். அங்கே கிடந்த வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு ஓடினேன். "எழும்பி வாரும் ஓய்!" என்று நான் போட்ட கூப்பாட்டில் அவரும் பின்னால் ஓடிவந்தார்.

"மக்கா! ஏட்டி, திற! திறட்டி!"

உள்ளே விளக்கு எரிந்தது. பதில் இல்லை. ஜிப்பைப் பிடித்து இழுத்தேன். உள்ளே சின்னப் பூட்டுப் போட்டிருந்தார்கள். மேனேஜர் கூடாரத்திலிருந்து தலையை நீட்டினார். "இப்பதானே தூங்குது? எதுக்கு எழுப்புறீங்க?"

"வாய மூடும், சார்! இஞ்ச வந்து லைட்ட அடியும்!"

விருந்தாளியிடம் நான் அப்படிப் பேசியது அந்த ஒரு தடவைதான். தார்ப்பாய்க் கயிற்றை அறுத்தேன். கூடாரத் துணியில் கத்தியைச் செருகி மேலிருந்து கீழே கிழித்தேன். வெதுவெதுவென்று காற்று முகத்தில் அடித்தது. மூன்று பேரும் படுத்திருந்தார்கள். பிள்ளை அப்பனுடைய நெஞ்சின்மேல் கிடந்தது. கால்மாட்டில் சட்டி. கனல் இன்னும் சிவப்பாக இருந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வெளியே பாய்ந்தேன். மற்ற இரண்டு பேரையும் சமையல்காரரும் மேனேஜரும் இழுத்துப் போட்டார்கள். அப்பன்காரன் சகதியில் முட்டுக்குத்தி வாந்தியெடுத்தான். எடுத்துக்கொண்டே, "பிள்ள எங்க? எனக்க பிள்ள எங்க?" என்றான். அவளுக்கு வாய் குழறியது, எழும்ப முடியவில்லை. என் கையில் பிள்ளை நனைந்த துணி மாதிரி துவண்டு கிடந்தது. மூக்கருகில் கன்னத்தை வைத்தேன். மூச்சு லேசாக இருந்தது. கண் திறக்கவில்லை. முகத்தில் மழை விழுந்தும் சிணுங்கவில்லை. ஏசுவே, ஏசுவே என்று சொல்லிக்கொண்டு உள்ளங்காலைச் சுண்டினேன். அசைவில்லை. மறுபடியும் சுண்டினேன்.

மேனேஜர் டார்ச்சைப் பிள்ளையின் முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். "அழுடா ராசா" என்றார். "எவ்வளவு வேணும்னாலும் அழு. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

பலம்கொண்ட மட்டும் கிள்ளினேன். பூனைக்குட்டி போல ஒரு சத்தம். பிறகு வாயைத் திறந்து வீறிட்டது. நானும் ஓவென்று அழுதுவிட்டேன்.

ஆம்புலன்ஸ் வரட்டும் என்று நிற்கவில்லை. மேனேஜர் தன் காரை எடுத்தார், தாயையும் அப்பனையும் அதில் ஏற்றினோம். கண்ணாடிகளையெல்லாம் இறக்கிவிட்டு, மழை உள்ளே அடிக்க அடிக்க நாகர்கோவிலுக்குப் போனோம். பிள்ளை என் மடியில் கத்திக்கொண்டே வந்தது. வழியில் சோர்ந்து அடங்கியது.

"என்ன, சத்தத்தையே காணோம்?" மேனேஜர் பதறிப்போய்த் திரும்பினார்.

கிள்ளினேன். வீறிட்டது. "ஆங், அப்படித்தான்" என்று வண்டியை விரட்டினார். அடங்கும்போதெல்லாம் கிள்ளினேன். ஆஸ்பத்திரியில் என் கையிலிருந்து வாங்கி ஆக்ஸிஜன் வைக்கிற வரைக்கும் விடவில்லை. அதட்டி அதட்டி எத்தனையோ பேரை உறங்க வைத்தவள், அந்தப் பிஞ்சை உறங்க விடாமல் கொண்டுபோனேன்.

விடிந்தபின் பிள்ளை தெளிந்து, பால் குடித்தது. பக்கத்துக் கட்டிலில் அப்பன் மாஸ்க்கோடு அதையே பார்த்துக்கொண்டு கிடந்தான். தாய் பிள்ளையின் காலைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளங்கால் இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

"இதென்ன எக்கா, காலெல்லாம் இப்பிடி?"

"நானாக்கும் மக்கா. கிள்ளிட்டே வந்தேன்."

அவள் அந்தக் காலை எடுத்து என் கைக்குள் வைத்தாள். கால் சூடாக இருந்தது. பிள்ளை உதைத்தது.