ஃபெலோகாஸியின் ரத்தத்துக்கு நான் எழுதிய பெயர்

ஃபெலோகாஸிக்கு ஒரே ஒரு பதில்தான் வேண்டியிருந்தது. அடுத்த பிள்ளையும் இப்படிப் பிறக்குமா, பிறக்காதா? அந்தப் பதிலைக் கெடுத்தவள் நான். எங்கள் ஊர் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பெயர்ச்சீட்டு ஒட்டுகிற வேலை எனக்கு.

அவள் மகள் ஸிம்கிதா மூன்று வயதில்தான் நடந்தாள். நாலு வயதாகியும் ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் மாக்வாத்தி உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார். பிள்ளையை முன்னோர்களுக்குக் காட்ட வெட்டிய ஆடு கத்தவே இல்லையாம்! ஆடு கத்தினால்தான் முன்னோர்கள் பிள்ளையை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். இன்னொரு ஆடு வெட்டினார்கள். அது ஊரே கேட்கக் கத்தியது. பிள்ளை பேசவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் சோதித்துவிட்டு, குழந்தையின் குரோமோசோமில் ஒரு துண்டு கூடுதலாக இருக்கிறது, ரொம்ப அபூர்வம் என்றார்கள். அது தாய் தகப்பனிடமிருந்து வந்ததா, குழந்தையிடமே புதிதாக உண்டானதா என்று தெரிந்தால்தான் அடுத்த பிள்ளையைப் பற்றிச் சொல்ல முடியுமாம். டிசம்பரில் புருஷன் சுரங்க வேலையிலிருந்து லீவில் வந்ததும் இருவருக்கும் நானே ரத்தம் எடுத்தேன்.

அங்கேதான் என் புத்தி புல் மேயப் போனது. கட்டிக்கொண்டு வந்த பெண்ணுக்குப் புகுந்த வீட்டார் புதுப் பெயர் வைப்பார்கள். இவளுக்கு வைத்தது நோசாகேலே. பிறந்த வீட்டுப் பெயரைச் சொன்னால் மாமியாருக்கு அவமரியாதை. மாக்வாத்தி பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அடையாள அட்டையில் இருப்பதோ பிறந்த வீட்டுப் பெயர்; அதைக் கேட்கவே எனக்குக் கூச்சம். ஊர் கூப்பிடுகிற பெயரையே எழுதி ஒட்டினேன்.

பதிவில் இருக்கும் பெயரோடு பொருந்தவில்லை என்று ஆஸ்பத்திரி லேபில் அவள் ரத்தத்தைக் கொட்டிவிட்டார்கள். அதை எங்களுக்குச் சொல்ல அங்கே ஒரு நாதியில்லை. ஒன்பது மாதம் கழித்து நானே போன் போட்டேன்.

"நோசாகேலேன்னு ஒரு ஆளே கிடையாதும்மா."

"கிடையாதா? தினமும் என் வாசல் வழியா தண்ணி தூக்கிட்டுப் போறாய்யா, வந்து பாரு!"

"கத்தாதீங்க. மறுபடி எடுத்து அனுப்புங்க."

புருஷனுடைய ரத்தம் சரியாகப் போய்ச் சேர்ந்திருந்ததால், அவளுக்கு மட்டும் அட்டைப் பெயரில் மறுபடி எடுத்தேன். மறுபடி ஆறு மாதம் என்றார்கள். வீட்டில் மாக்வாத்தி விடுவாரா?

"வயித்துல இன்னொண்ணு தங்கினா எல்லாம் சரியாயிடும். டிசம்பர்ல அவன் வர்றான்ல?"

"சரிங்கத்தே" என்பாள் இவள், தலை நிமிராமல்.

நவம்பரில் யாரிடமும் சொல்லாமல் தனியாக ஆஸ்பத்திரிக்குப் போய், இனிப் பிள்ளையே பிறக்காதபடி ஆபரேஷன் செய்துகொண்டு வந்தாள். தையல் பிரிக்க வந்தபோதுதான் எனக்கே தெரியும்.

"அவசரப்பட்டுட்டியேடி!"

"வேற என்னக்கா செய்ய? அவரு வந்து நிப்பாரு. பதில் எங்க? ஸிம்கிதாவ நான்தான் தூக்குறேன், நான்தான் ஊட்டுறேன். இன்னொண்ணும் இப்படின்னா என்னால முடியாதுக்கா."

நான் குனிந்து தையலைப் பிரித்து முடித்தேன்.

மார்ச்சில் கடிதம் வந்தது. நான்தான் படித்துக் காட்டினேன். அந்தத் துண்டு தாயிடமும் இல்லை, தகப்பனிடமும் இல்லை; குழந்தையிடம் புதிதாக உண்டானது; அடுத்த பிள்ளைக்கு வருவதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு.

ஃபெலோகாஸி மடியிலிருந்த ஸிம்கிதாவின் வாயைத் துடைத்துவிட்டாள்.

"முதல் தடவை அனுப்பினதுக்கே பதில் வந்திருந்தா, எப்பக்கா வந்திருக்கும்?"

"ஜூன்ல."

விரல் விட்டு எண்ணினாள். நவம்பர் வந்ததும் நிறுத்திக்கொண்டாள்.

"என் அட்டை அன்னிக்கும் பையிலதான்க்கா இருந்துச்சு," என்றாள். "நீங்க கேக்கவே இல்ல."