வான் தீவுக்கு ஒரு ட்ரயல்

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. எந்தப் படகை ரிப்பேர் செய்தாலும், கடலில் முதல் ட்ரயல் ஓட்டத்துக்கு வேலை பார்த்தவனும் ஏற வேண்டும். நானோ உடன்குடிப் பக்கம் செம்மணல் தேரிக்காட்டுக்காரன். நீச்சல் தெரியாது. அலையைப் பார்த்தாலே நாலடி பின்னால் போய்விடுவேன். லேத் வேலையை முடித்துவிட்டு, ட்ரயலுக்கு வேறு யாரையாவது ஏற்றிவிட்டு நழுவிவிடுவேன்.

எழுபதுகளில் ஒரு மாசி மாதம் பீட்டரும் அவர் மனைவி ஆனும் தூத்துக்குடிக்கு வந்தார்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து பாய்மரப் படகில் ஆப்பிரிக்காவுக்குப் போகிறவர்கள். வழியில் பாறை தட்டி, என்ஜினின் புரொப்பல்லர் ஷாஃப்ட் வளைந்து, படகுக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. ஆப்பிரிக்கா பக்கம் தள்ளிவிடும் வாடைக்காற்று ஓய்வதற்குள் கிளம்பாவிட்டால் அடுத்த வருஷம்தான் போக முடியும்.

புது ஷாஃப்ட் கடைந்து மாட்டினேன். அது படகைவிட்டு வெளியே போகும் இடத்தில் கிளாண்ட் என்ற அடைப்பு இருக்கும், அதற்குள் கயிறு மாதிரி பேக்கிங். ஷாஃப்ட் சுற்றும்போது அதிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழ வேண்டும். ஒழுகினால் படகு போச்சு. ஒரேயடியாகக் காய்ந்தால் சூடேறி ஷாஃப்ட் போச்சு.

"அந்தம்மாவுக்கு நம்ம கரைக்கு எதுத்தாப்புல இருக்க வான் தீவு பாக்கணுமாம். ட்ரயலையும் அங்கனயே வச்சிருவோம்" என்றார் முதலாளி லூர்து அண்ணாச்சி.

"அண்ணாச்சி, எனக்குத் தல சுத்துத மாதிரி இருக்கு..."

"ஏலே, அவுக ரெண்டு பேரும் உன் ஷாஃப்ட நம்பி சமுத்திரத்தையே தாண்டப் போறாவ. உனக்கு வான் தீவுக்குப் போவ முடியாதோ? ஏறுலே!"

ஏறினேன். நேராகக் கீழே இறங்கி, டார்ச்சோடு கிளாண்ட் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். மேலே ஆன் கைதட்டிக் கூவுவது கேட்டது. அண்ணாச்சி குனிந்து, "ஓங்கல் மீனு கூட்டமா துள்ளுது, வாலே!" என்றார். டால்பினைத்தான் எங்கள் பக்கம் ஓங்கல் என்பார்கள்.

"சொட்டு பாக்கேன் அண்ணாச்சி!" என்றேன். உண்மையில், தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

தீவில் இறங்கித்தான் ஆகவேண்டியிருந்தது. அண்ணாச்சி கையை இறுகப் பிடித்துக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றேன். அடிமணல் அப்படியே தெரிந்தது. காலுக்கிடையே நீலமும் மஞ்சளுமாகக் குஞ்சு மீன்கள். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இத்தனை நாள் இதைப் பார்க்காமல் ஏமாந்துவிட்டோமே என்றிருந்தது. நான் கொண்டுபோன கருப்பட்டியை ஆன் ஒரு கடி கடித்தார். மீதியை யாருக்கும் தரவில்லை.

திரும்பும்போது பீட்டர் சிரித்தபடி சுக்கானை என் கையில் கொடுத்துவிட்டார். நான் திருப்ப, படகும் திரும்பியது! சந்தோஷத்தில் ஏதோ பாட்டுக்கூடப் பாடினேனாம். அண்ணாச்சி பிற்பாடு ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

துறைமுகம் நெருங்கிய பிறகுதான் பகீரென்றது. கிளாண்ட்! வரும் வழியில் ஒரு தடவைகூட எட்டிப் பார்க்கவில்லை. விழுந்தடித்துக் கீழே ஓடினேன். சொட்டுச் சொட்டாக, எப்படி விழ வேண்டுமோ அப்படியே விழுந்துகொண்டிருந்தது.

வாடைக்காற்று இருக்கும்போதே அவர்கள் பாய் விரித்துக் கிளம்பினார்கள். கரையில் நின்று கையசைத்தபோது ஷாஃப்டைப் பற்றி எனக்குப் பயமே இல்லை.

லேத்துக்குப் புதிதாக வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான்: செய்தவனே மறந்துபோய் உட்கார்ந்திருக்க முடிந்தால், அதுதான் நல்ல வேலை. அந்த வான் தீவுப் பயணத்துக்கு அப்புறம் ட்ரயல் என்றால் முதல் ஆளாக நான்தான் ஏறுவேன். நீச்சல் மட்டும் இன்றுவரை தெரியாது.