அப்பாவைக் குடிகாரராக்கிய பட்டப்படிப்பு

ஓவியமும் சிற்பமும் சொல்லித்தரும் கல்லூரியில் நான் படித்தது எழுத்து. படைப்பிலக்கியத்தில் இளங்கலை. பக்கத்து அறையில் களிமண்ணைப் பிசைந்தார்கள். நாங்கள் வீட்டு மனிதர்களைப் பிசைந்தோம்.

இறுதியாண்டில் தன்வரலாறு என்றொரு பாடம். எழுதியது அத்தனையும் உண்மை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். கற்பனை என்று தெரிந்தால் ஃபெயில். அதில் ஃபெயிலானால் பட்டமும் கிடையாது.

நான் அப்பாவைப் பற்றி எழுதினேன். கிள்ளான் பக்கம் மேருவில் ஒரு கையுறைத் தொழிற்சாலையில் ஸ்டோர் கிராணி, சரக்குக் கணக்கு எழுதுபவர். ஞாயிறு காலையில் மோட்டார் சைக்கிள் கழுவுவார். மற்ற நாட்களில் மகளான என்னைக் கிள்ளான் ஸ்டேஷனில் இறக்கிவிட்டு, ரயில் கிளம்பும்வரை வேலிக்கு வெளியே நிற்பார். வாசித்து முடித்தபோது வகுப்பே கொட்டாவி விட்டது. விரிவுரையாளர் நல்லவர்தான், காயம் எங்கே என்று கேட்டார். டாமன்சாராவில் நீச்சல்குளத்தோடு வளர்ந்த ஒருவன், தமிழர் கதையில் ஒரு ரப்பர் மரம்கூட வரவில்லையே என்று வருத்தப்பட்டான். எங்களுக்கும் ரப்பருக்கும் உள்ள ஒரே உறவு அந்தக் கையுறைதான் என்று சொல்ல நாக்கு துறுதுறுத்தது. ஆனால் எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது என்பது வகுப்பு விதி.

அந்த வாரமே கதையில் அப்பாவை ரப்பர் தோட்டத்துக்கு அனுப்பினேன். கையில் ஒரு சம்சு சாராயப் போத்தலையும் கொடுத்தேன். இரண்டாம் பக்கத்தில் அம்மாவின் தாலியை அடகு வைத்தார். கடைசிப் பக்கத்தில் திருந்தி அழுதார். இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுக் குடிக்கிற மனிதர் அவர். வகுப்பு கண்ணீர் விட்டது. வெட்கமில்லாமல் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஆண்டிறுதிக் கண்காட்சியில் ஓவியங்களுக்கு நடுவே எங்கள் கதைகளையும் பெரிய எழுத்தில் அச்சடித்துச் சுவரில் மாட்டினார்கள். அப்பாவிடம் வர வேண்டாம் என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். தேய்த்த சட்டையோடு வந்து நின்றார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஸ்டோர் பட்டியலைச் சரிபார்ப்பதுபோல் ஒரு வரி விடாமல் படித்தார்.

அந்த நேரம் பார்த்து விரிவுரையாளர் வெளித்தேர்வாளரை அழைத்து வந்து, கதையில் வரும் அப்பா இவர்தான் என்று அறிமுகப்படுத்தினார். அந்த அம்மாள் அப்பாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, குடியை விட்டு எத்தனை வருடமாகிறது என்று ஆங்கிலத்தில் கேட்டார். அப்பா உள்ளதைச் சொன்னால் என் பட்டம் போச்சு.

அப்பா என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"த்ரீ இயர்ஸ் ஆல்ரெடி, மேடம்" என்றார்.

அந்த அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு ஏ கிடைக்கும் என்று விரிவுரையாளர் காதோடு சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும் ரயிலில் ஷா ஆலம்வரை அப்பா ஜன்னல் வழியே வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார். திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது. என்னால் தாங்க முடியாமல் நானே ஆரம்பித்தேன். முதலில் அவரை உள்ளபடிதான் எழுதினேன், அதற்கு மார்க் வராது என்றார்கள், அதனால்தான் மாற்றினேன் என்று சொன்னேன்.

அவர் முகத்தில் கோபம் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"அப்ப, உள்ளபடி பார்த்தா நான் ஃபெயிலாம்மா?"