மச்சான் இன்ஜின் கழுவிய ஞாயிற்றுக்கிழமை

எதிர்வீட்டுப் பையன் நேற்றுக் காலை தன் காரின் மூடியைத் தூக்கி நிறுத்தி, இன்ஜின் கழுவினான். சூடு ஆறும்வரை காத்திருந்தான். பாட்டரிக்கும் ஒயர்களுக்கும் பாலிதீன் பை கட்டினான். ஒரு டப்பாவிலிருந்து நுரையைப் பீய்ச்சி, பிரஷ் போட்டுத் துடைத்து, மூடியைச் சாத்திவிட்டுக் காபி குடிக்கப் போய்விட்டான். ஒருவரும் அழவில்லை. எனக்கு அதுதான் என்னமோ குறையாகப் பட்டது.

கீழே இறங்கிப் போய் முகர்ந்துகூடப் பார்த்தேன். எலுமிச்சம்பழ வாசனை. இன்ஜின் கழுவினால் மண்ணெண்ணெய் நாற்றமல்லவா அடிக்க வேண்டும்? மூக்கை விடுங்கள், நாலு நாளைக்கு ரசம்கூட அந்த வாசனைதான் அடிக்கும்.

வெள்ளைக்காரன் காலத்துக் கதை இது. அப்போது எனக்குத் தல்லாகுளம் கோர்ட்டில் நகல் எழுதும் வேலை. உழைப்பது சர்க்காருக்கு, சாப்பிடுவது அக்கா வீட்டில். அக்காவின் புருஷன், என் மச்சான், வக்கீல். உழுது பிழைத்த குடும்பத்தில் முதன்முதலாகக் கறுப்புக் கோட்டு மாட்டியவர். ஊருக்குத் திரும்பிப் போன ஒரு துரையிடமிருந்து பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். துணிக்கூரை போட்ட வண்டி. இருமும், எண்ணெய் கக்கும், மேட்டைக் கண்டால் நின்று யோசிக்கும். கூடவே துரை ஓர் ஆங்கிலப் புத்தகமும் கொடுத்துவிட்டுப் போனார். காரைச் சொந்தக்காரரே வீட்டில் எப்படிப் பேணுவது என்று அதில் எழுதியிருந்தது. மச்சானுக்கு அது காரைவிட உசத்தி. தினமும் சாப்பாட்டுக்குப் பிறகு பாராயணம்தான்.

மச்சானின் தங்கை காமாட்சிக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்த நேரம். தகப்பனார் இல்லாததால் எல்லாப் பொறுப்பும் மச்சான் தலையில். ஏற்கெனவே இரண்டு இடம் வந்து தட்டிப்போயிற்று. ஓர் இடம் பல்லி சத்தம் போட்டதால், இன்னோர் இடம் காபித் தம்ளர் கவிழ்ந்ததால். காமாட்சி வெளியே சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கவிழ்ந்த தம்ளரைத் தேய்க்கும்போது கொல்லைப்புறத்தில் அவள் முகத்தை நான் பார்த்திருக்கிறேன். மூன்றாவதாகத் திருவாதவூரிலிருந்து ஓர் இடம் வந்தது. நிலம் நீச்சு உள்ள குடும்பம், பையன் ஒரே பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. திரும்பும்போது அவர்களைக் காரிலேயே கொண்டுபோய் விட்டால் இடம் கெட்டியாகிவிடும் என்பது மச்சான் கணக்கு. அதற்கு முன்னால் இன்ஜினைக் கழுவியாக வேண்டும்.

புத்தகம் சொன்னது எல்லாம் நியாயமான சங்கதிதான். இன்ஜின் ஆறியிருக்க வேண்டும். காற்று போகிற குழாயின் வாயைத் துணியால் அடைக்க வேண்டும். மண்ணெண்ணெய் தொட்டுப் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். நன்றாகக் காய்கிறவரை அருகில் நெருப்பு இருக்கக் கூடாது. சாதாரண மனிதன் இதைப் படித்தால் பீடியை அணைத்துவிட்டு வேலையைப் பார்ப்பான். மச்சான் வக்கீல். 'அருகில்' என்றால் எதுவரை என்று சனிக்கிழமை இரவு முழுக்க எங்களிடம் வாதாடி, எதிர்த்தரப்பு யாரும் இல்லாததால் ஜெயித்தும் விட்டார்.

தீர்ப்பின்படி ஞாயிறு காலையில் எங்கள் வீட்டில் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. சாமி விளக்கு கூடாது. அக்காவுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்க வெந்நீர் கூடாது. அடுத்தபடியாகப் பக்கத்து வீடுகளுக்கும் போய்ச் சொன்னார். வக்கீல் சொன்னால் ஏதோ சட்டம் இருக்கும் என்று அவர்களும் அடுப்பை அணைத்துவிட்டார்கள். பக்கத்து வீட்டில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர் இருந்தார். சுருட்டு இல்லாமல் அவரை யாரும் கண்டதில்லை. அன்று அவர் பற்றவைக்காத சுருட்டை விரலில் இடுக்கிக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்த கோலம் கல்லையும் கரைக்கும்.

விடிந்ததும் கொல்லைப்புறத்தில் வேலை தொடங்கியது. காரின் முன்மூடியைக் கழற்றி, நானும் மச்சானும் தூக்கிக்கொண்டு போய் முற்றத்துக் கயிற்றுக்கட்டிலில் வைத்தோம். துடைத்த தகரத்தில் தூசி ஒட்டாமலிருக்க, தலையிலிருந்து கால்வரை, அதாவது ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை, வெள்ளை வேட்டியால் போர்த்தினார். தம்முடைய சவரப் பிரஷ்ஷையே தியாகம் செய்து இன்ஜினைத் தேய்த்தார். மண்ணெண்ணெய்க் காந்தல் பட்டு இரண்டு பேருக்கும் கண் சிவந்து தண்ணீராக வடிந்தது. மேல்சட்டை இல்லை, இடுப்பில் துண்டு. பத்து மணிக்கு அக்கா பச்சைத் தண்ணீரில் தலைமுழுகிவிட்டு, கூந்தலை விரித்துப் போட்டபடி, பசியோடும் கோபத்தோடும் கட்டில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். காபி கிடைக்காத அண்டை வீட்டுக்காரர்களும் வேறு வேலை இல்லாமல் வாசல் பெஞ்சில் வந்து வரிசையாக உட்கார்ந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் திருவாதவூர் வண்டி வந்தது. வெயிலுக்குப் பயந்து விடிகாலையிலேயே பூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்களாம்.

முதலில் இறங்கியது பையனின் அம்மா. வாட்டசாட்டமான மனுஷி. வாசலில் பேசாமல் உட்கார்ந்திருக்கிற ஆண்களைப் பார்த்தார். புகையாத கூரையைப் பார்த்தார். முற்றத்துக் கட்டிலைப் பார்த்தார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கொண்டையை அவிழ்த்துக் கூந்தலைச் சரியவிட்டு, நேரே வந்து அக்காவைக் கட்டிக்கொண்டார்.

"நல்ல காரியம் பேச வாரதுக்குள்ள இப்படி வெள்ளையப் போத்திப் படுக்கப் போட்டுட்டீகளே, ஆத்தா..."

அக்கா ஒரு கணம் திகைத்தாள். பிறகு அவளும் குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். அதைக் கேட்டு அண்டை வீட்டுப் பெண்கள் ஓடிவந்து தோளோடு தோள் சேர்ந்துகொண்டார்கள். தாசில்தார் சுருட்டை மடியில் செருகிவிட்டு எழுந்து நின்றார். நானும் விசும்ப ஆரம்பித்தேன். யாருக்காக என்று இன்றுவரை தெரியாது.

பையனின் தகப்பனார் துண்டை வாயில் பொத்தியபடி பெஞ்சில் மச்சான் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கார் மேல் இவருக்கு இத்தனை அக்கறையா என்று மச்சான் நெகிழ்ந்துபோனார்.

"ரொம்ப நாளா முடியலையோ, தம்பி?"

"வாங்குனதுல இருந்தே இருமல்தான். எண்ணெயாக் கக்கும்."

"அடப்பாவமே. எப்ப எடுக்குறீக?"

"நல்லாக் காயணும்ல. சாயங்காலமா எடுத்துரலாம். ஒங்களையும் கூடவே ஏத்திக்கிட்டுப் போகலாம்னுதான் நெனச்சிருந்தேன்."

அந்த மனிதர் மெதுவாக எழுந்து பெஞ்சின் அந்தக் கோடிக்குப் போய்விட்டார்.

பையன் மட்டும் இந்தக் கூட்டத்தில் பேசாதவன். பெண் வீட்டுக்கென்று வாங்கி வந்திருந்த பூவைத் தட்டோடு எடுத்துக்கொண்டு, கட்டிலருகே வந்து குனிந்து கால்மாட்டில் வைத்தான். தட்டு இடித்து டங்கென்று சத்தம் வந்தது. வேட்டி நுனியை விலக்கிப் பார்த்தான்.

"அம்மா, இது தகரம்."

அழுகை ஒவ்வொரு குரலாக நின்றது. அந்த அமைதியில் உள்ளறையிலிருந்து காமாட்சி சிரித்துவிட்டாள். அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாமல் வெடித்த சிரிப்பு. மச்சான் முகத்தில் ரத்தம் இல்லை. பல்லிக்கும் தம்ளருக்குமே போன இடங்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் ஒப்பாரி, அதற்குமேல் பெண்ணே சிரித்தும் விட்டாள்.

அந்த அம்மாள் மூக்கைச் சிந்தி, தண்ணீர் வாங்கிக் குடித்தார். பிறகு அக்காவைப் பார்த்துக் கேட்டார்.

"நான் எளவு வீடுன்னு நெனச்சு அழுதேன். நீ எதுக்கு ஆத்தா அழுத?"

"நீங்க அழுதுக்கிட்டே வந்தீக. ஒங்க வீட்ல யாருக்காச்சும் என்னமோன்னு நெனச்சேன்" என்றாள் அக்கா.

அந்த அம்மாள் அவிழ்ந்த கூந்தலை அள்ளி முடிந்தார்.

"யாரு எவருன்னு தெரியாம எனக்காக இம்புட்டு அழுத வீடு. இதுக்கு மேல என்னத்தப் பாக்க? சிரிச்ச புள்ளையக் கூப்புடுங்க. மொதல்ல அடுப்பப் பத்த வைங்க."

இன்னும் காயவில்லை என்று மச்சான் ஆரம்பித்தார். அந்த அம்மாள் பார்த்த பார்வையில் அதோடு நிறுத்திக்கொண்டார். அடுப்பு எரிந்தது, எதுவும் வெடிக்கவில்லை. காமாட்சி கேசரியோடு வந்தாள். பையன் நிமிர்ந்து ஒரு தரம் பார்த்தான். சிரித்துவிடுவோமோ என்று பயந்து மறுபடி குனிந்துகொண்டான். தாசில்தார் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார்.

சாயங்காலம் கார் கிளம்பவில்லை. கிளப்புகிற கம்பியை முன்னால் மாட்டி நானும் பையனும் மாறி மாறிச் சுற்றினோம். இன்ஜின் கண்ணாடி மாதிரி மின்னிக்கொண்டு சும்மா கிடந்தது. கடைசியில் சம்பந்திகள் வந்த வண்டியிலேயே திரும்பினார்கள். இரண்டு நாள் கழித்துத்தான், காற்றுக்குழாயின் வாயில் மச்சான் அடைத்த துணி அப்படியே இருப்பதைக் கண்டுபிடித்தோம். புத்தகத்தில் அடைக்கச் சொன்னது ஒரு பக்கத்தில், எடுக்கச் சொன்னது அடுத்த பக்கத்தில். அன்றைக்கு மச்சான் பக்கத்தைத் திருப்பவில்லை.

காமாட்சி திருவாதவூரில் நன்றாகவே வாழ்ந்தாள். உலக யுத்தத்தின்போது பெட்ரோல் கிடைக்காமல் கார் மாட்டுக்கொட்டகைக்குப் போய், பிறகு பழைய இரும்புக்காரனிடம் போயிற்று. அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்தார். மச்சானும் இல்லை, அக்காவும் இல்லை. அந்த முற்றத்தின்மேல் இப்போது மூன்று மாடி நிற்கிறது. கீழே யாராவது சத்தமாக அழுதால் மேலே ஜன்னலைச் சாத்துவார்கள்.

அவர்களை மட்டும் சொல்வானேன்? போன மாதம் எங்கள் தெருக்கோடி வீட்டு வாசலில் பந்தல் போட்டிருந்தது. கல்யாணமா சாவா என்று ஓர் ஆளை நிறுத்திக் கேட்டுத் தெரிந்துகொண்டுதான் செருப்பைக் கழற்றி உள்ளே போனேன்.