லடாக்குக்குக் கொண்டுபோன மண்

திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, செங்கல் என்ற எங்கள் ஊரில் ரோட்டைப் பார்த்து ஒரு பெரிய வீடு நிற்கிறது. துபாய்ப் பணம். அதன் இரும்புக் கேட் இருக்கும் இடத்தில்தான் ஜெபகுமாரி அக்காவும் ஞானையன் அண்ணனும் இருபத்தாறு வருடம் ஓலைக்குடிலில் குடியிருந்தார்கள். நான் அடுத்த குடில். அந்தக் கேட் வரும்போது இப்போதும் ரோட்டின் மறுபக்கம் மாறி நடக்கிறேன்.

நிலம் தாணுவினுடையது. ஊரே அவனை ஏமான், அதாவது எஜமான் என்றது. நானும்தான். இப்போது அந்த மரியாதை வாயில் வரவில்லை. அவன் வயலில் வேலை செய்துகொண்டு, அவன் கைகாட்டிய மூலைகளில் குடில் போட்டவர்கள் நாங்கள். எழுபதில் சட்டம் வந்தது. குடிலில் குடியிருப்பவனுக்குச் சுற்றிலும் பத்து சென்ட் சொந்தமாகக் கிடைக்கும். அதிகாரி விசாரிக்க வரும்போது அங்கே ஆள் குடியிருப்பது தெரிய வேண்டும், அவ்வளவுதான். ஞானையன் அண்ணனும் மனு கொடுத்தார். தாணுவின் மகன் துபாயிலிருந்து வீடு கட்டப் பணம் அனுப்பத் தொடங்கியிருந்த நேரம். வீட்டுக்கு முகப்பு வேண்டும். முகப்பில் இந்தக் குடில்.

அக்காவுக்கு ஒரே மகன், யோசுவா. லடாக்கில் ரோடு போடும் வேலைக்குப் போனவன், எழுபத்துமூன்றில் பனிச்சரிவில் செத்தான். கூட வேலை செய்தவர்கள் அங்கேயே ரோட்டோரம் அடக்கம் செய்தார்கள். இங்கே வந்தது தந்தி மட்டும். எங்கள் சபையில் பெட்டியைக் குழியில் இறக்கியதும் பெற்றவர்கள்தான் முதல் பிடி மண் போட வேண்டும். அது போடாததால் மகன் இன்னும் வெளியே கிடப்பதாகவே அக்காவுக்குத் தோன்றியது.

"அவனுக்க குழிக்க மேல ஒரு பிடி நம்ம மண்ணு போட்டா போதும். பின்ன நான் செத்தாலும் செரி."

சபை உபதேசியார் யோசுவாவின் ஆபீசுக்கு எழுதிப் போட்டார். மறு வருடம் யோசுவாவின் ஆபீசிலிருந்து இங்கிலீஷில் ஒரு கடிதம் வந்தது, இரண்டு பேருக்கு ரயில் பாசோடு. எங்களுக்கு வரும் தபாலெல்லாம் தாணுவின் விலாசத்துக்குத்தான் வரும். அவன் உடைத்துப் படித்து அர்த்தம் சொல்வான். உபதேசியாருக்கும் இங்கிலீஷ் தெரியும். ஆனால் ஏமான் படித்ததை இன்னொருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னால் ஏமானை நம்பவில்லை என்று ஆகிவிடுமே! அவன்மேலேயே மனு கொடுத்துவிட்டு, கடிதத்தை அவனிடமே படிக்கக் கொடுக்கும் புத்தி எங்களுக்குத்தான் உண்டு.

"நவம்பர்ல வரச் சொல்லியிருக்கான்" என்றான் தாணு.

அதன்பிறகு பயண ஏற்பாடு முழுவதும் அவன் பொறுப்பு. திருவனந்தபுரத்தில் ரயிலேறி மதராஸ், டெல்லி, ஜம்மு, அங்கிருந்து ஸ்ரீநகருக்கு பஸ் என்று தாளில் எழுதிக் கொடுத்தான். துபாய்க் கம்பளி ஒன்று கொடுத்தான். மண் கொண்டுபோக ஒரு காலி பால்பொடி டின்னும் கொடுத்தான். அக்கா அந்த டின்னைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"எலே ஞானையா, சட்டி பானையும் எடுத்துக்கோ. அங்க ஒண்ணும் கிட்டாது. ரேஷன் கார்டு இல்லேன்னா பட்டாளக்காரன் உள்ள விடமாட்டானாக்கும்."

"அதிகாரி வந்தா ஏமானே?"

"அவன் தை மாசந்தான் வருவான். நான் இல்லியாலே இங்க?"

விசாரணைத் தேதி போட்ட நோட்டீசும் அவன் விலாசத்துக்குத்தான் வந்திருந்தது. அதில் இருந்த தேதி நவம்பர் பதினாலு; எங்களிடம் அவன் சொல்லவில்லை. ஐந்தாம் தேதி அக்கா வாசலில் மண் தோண்டி டின்னை நிரப்பினார். "போயிட்டு வாறோம் மக்கா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். சட்டி பானை, ரேஷன் கார்டு, கம்பளி எல்லாவற்றோடும் இருவரும் பக்கத்துக் காட்டாக்கடைக்கு பஸ் ஏறப் போவதுபோலச் சாதாரணமாக நடந்து போனார்கள்.

ஸ்ரீநகரில் யோசுவாவின் ஆபீசில் இருந்த திருநெல்வேலிக்காரர் ஒருவர் கடிதத்தை வாங்கிப் பார்த்திருக்கிறார்.

"ஜூனுக்கும் செப்டம்பருக்கும் இடையிலதான் வரணும்னு தெளிவா எழுதியிருக்கே அம்மா! ரோட்டைப் பனி மூடியாச்சு. இனி மே மாசம் கழிஞ்சுதான் திறக்கும்."

நடந்து போக முடியுமா என்று அக்கா கேட்டாராம். அவர் டீ வாங்கிக் கொடுத்தாராம்.

பதினாலாம் தேதி அதிகாரி வந்தார். குடிலில் ஆளில்லை, பானையில்லை, அடுப்பில் சாம்பல்கூட இல்லை. "சட்டி பானை சாதனமெல்லாம் எடுத்துட்டு வடக்க போயாச்சு சார்" என்றான் தாணு. அப்படியா என்று அதிகாரி எங்களைப் பார்த்தார். பக்கத்துக் குடில்காரர்கள் ஆறு பேர் நின்றோம். அடுத்தது என் குடில், என் மனு. நான் குனிந்து நின்றேன். ஆள் குடியிருப்பில்லை என்று அவர் எழுதிக்கொண்டார். மறுநாள் குடிலைப் பிரித்து மண்ணை நிரவினார்கள். எனக்குப் பத்து சென்ட் கிடைத்தது. அதில்தான் இன்றும் இருக்கிறேன்.

மாதக் கடைசியில் இருவரும் வந்தார்கள். குடில் இருந்த இடத்தில் செங்கல் அடுக்கியிருந்தது. ஞானையன் அண்ணன் செங்கலையே பார்த்துக்கொண்டு நின்றார். அக்கா டின்னை மார்போடு அணைத்திருந்தார். தாணு வெளியே வந்தான்.

"மண்ணு போட்டியாட்டீ?"

"இல்ல ஏமானே. ரோடு அடைச்சுப் போச்சு."

"பின்ன எதுக்கு அதச் சுமக்குத? இங்கயே தட்டிரு. டின்னு நம்மளுது, மண்ணும் நம்மளுதாக்கும்."

இருபத்தாறு வருடப் பழக்கம். ஞானையன் அண்ணன் அக்காவின் கையிலிருந்து டின்னை வாங்கி, மூடியைத் திறந்து, செங்கல் ஓரமாகக் கொட்டினார். அக்கா டின்னை எடுத்துக்கொண்டு, கழுவிக் கொடுப்பதற்காகக் கிணற்றடிக்குப் போனார்.